சர்வேயரின் ஞாயிற்றுக்கிழமை

வாரத்தில் ஆறு நாள் நான் பார்ப்பது
நசுங்கிய கார்கள்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
லாரிக்கு அடியில் பாதி நுழைந்தவை,
மாதனூர் பக்கம் புளியமரத்தில் முடிந்தவை.
டேப் பிடித்து அளப்பேன்.
முன் பம்பர், இடது ஃபெண்டர், ரேடியேட்டர்,
தேய்மானம் கழித்து இவ்வளவு.
பின் சீட்டில் ஒற்றைக் கொலுசு கிடந்தால்
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஞாயிறன்று
நசுங்காத கார்களைத் தேடிப் போவேன்.

லேசில் கிடைக்காது.
சத்துவாச்சாரி மேம்பாலத் தூணில்
‘மாபெரும் கார் திருவிழா’ என்று ஒட்டியிருந்தார்கள்.
போனேன்.
ஷாமியானா, பலூன், கழுத்தில் அட்டை தொங்கும் பையன்கள்.
பெயருக்கு முன்னால் போன் நம்பர் கேட்டார்கள்.
எல்லாக் காரும் வெள்ளை.
எல்லா வெள்ளையும் மாதத் தவணை.
ஒன்பது மாதமாக
லோன் வேணுமா மேடம் என்று
யாரோ ஒரு ஷர்மிளா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

காட்பாடியில் ஒரு கல்லூரி மைதானம்.
அங்கே நிஜமாகவே பழைய வண்டிகள், பதினொன்று.
சுற்றிலும் கயிறு.
தொடாதீர், தொடாதீர், தொடாதீர்.
சொந்தக்காரர்கள் ஏசி அறையில்.
வெயிலில் குனிந்து ஒவ்வொன்றின் அடியிலும் பார்த்தேன்.
ஒரு சொட்டு ஆயில் இல்லை.
“எல்லாம் ஏத்திட்டு வந்து எறக்கின பொம்மைங்க”
பின்னால் குரல்.
ரிக்கவரி வண்டி நிசாருல்லா.
அவருக்குத் தெரியும்.
இறக்கியதே அவர்தான்.

ஓடுகிற பழைய வண்டிதான்
வழியில் நிற்கும் என்பார் அவர்.
நின்றவர்களின் எண்கள் எல்லாம் அவர் போனில்.
சித்திரையில் ஒரு சனி இரவு
செய்தி வந்தது:
மேல்விஷாரம் எடைமேடை. காலை ஆறு. போஸ்டர் கிடையாது.

எடைமேடைக்குப் பின்னால்
மூடிக்கிடக்கும் தோல் கிடங்கின் முற்றம்.
ஆறே வண்டிகள்.
ஆறின் போனட்டும் திறந்திருந்தது.
எனக்கு அது போதும்.

ஒவ்வொன்றாக மேடையேற்றி எடை போட்டார்கள்.
சீட்டை வாங்கி
போன வருஷத்துச் சீட்டோடு வைத்துப் பார்த்தார்கள்.
“பத்து கிலோ கம்மி. துரு தின்னுடுச்சு.”
அம்பாசடர்காரர் மட்டும் ஏறியிருந்தார்.
டிக்கியைத் திறந்தால் ஒரு மூட்டை வேர்க்கடலை.

கடைசியில் நின்றது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்,
பாசிப்பயறு நிறம்.
ராணிப்பேட்டை வெல்டர் தவமணி ஜெயசீலன்
கொக்கியை விடுவித்து
அதன் முகத்தை அப்படியே முன்னால் சாய்த்தார்.
என்ஜின், சக்கரம், ஸ்டியரிங் தண்டு
எல்லாம் வெட்டவெளியில்.
ஒரு குழாயை சைக்கிள் டியூப் கட்டிப் பிடித்திருந்தது.
இடது ஃபெண்டரில் ஒரு நசுங்கல்.
என் கை தானாகப் பைக்குள் டேப்பைத் தேடியது.

“திருவலம் பாலத்துல மேடம்,
மாட்டுவண்டி நுகத்தடி.
தட்டி எடுக்கல.
அதுக்கப்புறந்தான் பிரேக் மேல மரியாதை வந்துச்சு.”

பிறகு கேட்டார்:
நீங்க இதுக்கு என்ன மதிப்பு போடுவீங்க?

ஐந்து வருஷத்துக்கு மேல் போன வண்டிக்கு
எங்கள் அட்டவணையில் எண் இல்லை.
இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்யலாம்,
அதுதான் விதி.

பேசினோம்.
வெயில் ஏறி
முற்றத்து இரும்புக் கதவைத் தொட முடியாமல் போகும்வரை பேசினோம்.
எண் மட்டும் வரவே இல்லை.

கிளம்பும்போது ஹெரால்ட் உயிர்க்கவில்லை.
நிசாருல்லா தன் வண்டியைக் கொண்டுவரவில்லை,
செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ள வந்தார்.
எட்டுப் பேர் தள்ளினோம்,
உள்ளங்கைகளில் சூடான தகரம்.

அடுத்தது எப்போது என்று கேட்டேன்.
தெரியாதாம்.
கார்புரேட்டருக்கு ஒரு கேஸ்கெட் வேண்டும்,
குடியாத்தத்தில் ஒருவர்
கையால் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்,
அவர் மகள் கல்யாணம் முடியட்டும்.